வென்ற பின் காணாமல் போன அணிகள்

2019 பிப்ரவரி 22, வெள்ளிக்கிழமை. சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் முதலாவது புரோ வாலிபால் லீக்கின் இறுதிப் போட்டி. எதிரே நின்றது லீக் சுற்றில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காத காலிகட் ஹீரோஸ். சென்னை ஸ்பார்டன்ஸ் அந்த அணியை 15-11, 15-12, 16-14 என்று மூன்றே செட்டில் வீழ்த்திக் கோப்பையை வாங்கியது. ஆசிய கிளப் சாம்பியன்ஷிப்புக்குப் போகும் தகுதியும் அந்த வெற்றியோடு வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெயரில் ஓர் அணி இந்திய லீக் எதிலும் களம் இறங்கவில்லை. ஒரே பருவம், அதிலும் மொத்தமே மூன்று வாரம். சாம்பியன் பட்டத்தோடு முடிந்துபோன அணி அது.

தோற்ற அணி கலைவதைப் புரிந்துகொள்ளலாம். வென்ற அணி ஏன் கலைகிறது? தமிழ்நாட்டு விளையாட்டைப் பற்றி யோசிக்கிறவர்கள் இந்தக் கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது. இது ஒரு தடவை நடந்த விபத்தும் அல்ல.

அந்தப் பருவத்தை முதலில் பார்ப்போம். இந்திய வாலிபால் சம்மேளனமும் பேஸ்லைன் வென்ச்சர்ஸ் என்ற விளையாட்டு நிர்வாக நிறுவனமும் சேர்ந்து நடத்திய லீக் அது. சென்னை, கொச்சி, காலிகட், ஹைதராபாத், அகமதாபாத், மும்பை என்று ஆறு அணிகள். 15 லீக் ஆட்டம், இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி என மொத்தம் 18 ஆட்டம். முதல் கட்டம் கொச்சியில், மறு கட்டம் சென்னையில். உலகம் முழுக்க 25 புள்ளிக்கு ஆடப்படும் செட்டை இங்கே 15 புள்ளிக்குச் சுருக்கினார்கள். லீக் சுற்றில் முடிவு தெரிந்த பிறகும் ஐந்து செட்டையும் ஆடியாக வேண்டும். ஐந்தையும் வென்றால் கூடுதலாக ஒரு புள்ளி. யாரும் தொட முடியாத சர்வீஸுக்கு இரண்டு புள்ளி. அணி கேட்டு வாங்கும் 'சூப்பர் பாயிண்ட்' என்று ஒன்று, அதற்கும் இரண்டு. எல்லாமே தொலைக்காட்சி நேரத்துக்குள் ஆட்டத்தை அடக்கவும், பார்ப்பவர் எழுந்து போகாமல் இருக்கவும் செய்த ஏற்பாடு. 1990களின் இறுதியில் சர்வீஸ் யாருடையதானாலும் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்ற முறையை உலகச் சம்மேளனம் கொண்டுவந்ததும் இதே கணக்கில்தான். அதனால் விதியை மாற்றியதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆட்டம் விறுவிறுப்பாகவே இருந்தது.

ஆட்டக்காரர்களின் தரமும் குறைவில்லை. கொச்சிக்கு வந்த டேவிட் லீ 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் ஆடியவர். காலிகட்டில் பால் லாட்மன், 2012 லண்டன் ஒலிம்பிக் கண்டவர். சென்னைக்கு ரியோ ஒலிம்பிக்கில் கனடாவுக்காக ஆடிய ரூடி வெர்ஹூஃப், லாட்வியாவின் ருஸ்லான்ஸ் சொரோகின்ஸ். இவர்களோடு நவீன் ராஜா ஜேக்கப், அகின், தலைவர் ஷெல்டன் மோசஸ், பயிற்சியாளர் எம்.எச். குமாரா. எதிரணிகளிலும் தமிழர்கள் இருந்தார்கள். காலிகட்டின் தலைவர் ஜெரோம் வினித் தமிழ்நாட்டுக்காரர். கொச்சிக்குப் பந்து தூக்கிக் கொடுத்தவர் உக்கிரபாண்டியன். ஆறு ஊர்ப் பெயர்களில் நடந்த லீக்கில் தமிழ்நாட்டு வாலிபால் எவ்வளவு பரவிக் கிடந்தது என்பதற்கு இந்தப் பெயர்களே போதும்.

சென்னை லீக் சுற்றில் தடுமாறித்தான் அரையிறுதிக்கு வந்தது. அங்கே கொச்சியோடு ஐந்து செட் போராடி வென்றது. மூன்றாம் செட் முடிந்தபோது பின்தங்கி நின்ற அணி அடுத்த இரண்டையும் பிடித்தது. இரண்டு நாள் கழித்து, யாரும் அசைக்காத காலிகட்டை அசைத்தது. ஓர் அணி ஊரின் மனதில் இடம்பிடிக்க இதைவிட நல்ல கதை வேண்டியதில்லை. இன்னும் இரண்டு பருவம் இந்த அணி ஆடியிருந்தால் பள்ளிக்கூடப் பையன்கள் சொரோகின்ஸ் மாதிரி சர்வீஸ் போட்டுப் பழகியிருப்பார்கள்.

ஆனால் அடுத்த பருவமே வரவில்லை. ஆண்டு முடிவதற்குள் சம்மேளனத்துக்கும் நிர்வாக நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் முறிந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பிறகு கொரோனா. 2022 பிப்ரவரியில் பிரைம் வாலிபால் லீக் என்ற புதுப் பெயரில், சம்மேளனம் இல்லாமல், ஹைதராபாத் கச்சிபவுலி அரங்கத்தில் ஏழு அணிகளோடு ஆட்டம் மறுபடி தொடங்கியபோது காலிகட், கொச்சி, ஹைதராபாத், அகமதாபாத் நான்கும் பழைய பெயரோடு வந்தன. சென்னையிலிருந்து வந்தது சென்னை பிளிட்ஸ். வேறு முதலாளி, வேறு சின்னம், வேறு வண்ணம். கோப்பையை வென்ற அணியின் பெயர் பட்டியலில் இல்லை.

இதே மாதிரி ஒன்று 2019க்கு எட்டு ஆண்டுக்கு முன்பும் நடந்தது. 2011 கோடையில் சம்மேளனமே இந்தியன் வாலி லீக் என்று ஒன்றை நடத்தியது. அதிலும் ஆறு அணி: சென்னை ஸ்பைக்கர்ஸ், யானம் டைகர்ஸ், கேரளா கில்லர்ஸ், மராத்தா வாரியர்ஸ், ஹைதராபாத் சார்ஜர்ஸ், கர்நாடகா புல்ஸ். அதிலும் முதலிடம் சென்னைக்குத்தான். அந்த லீக்கும் ஒரே பருவத்தோடு நின்றது. ஆக, இந்திய வாலிபாலின் முதல் இரண்டு லீக்குகளையும் வென்றது சென்னை. வென்ற இரண்டு அணிகளும் இன்று இல்லை. கிரிக்கெட்டிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் முதல் கோப்பையை வென்றது தூத்துக்குடியின் பெயரைத் தாங்கிய டூட்டி பேட்ரியாட்ஸ். சில ஆண்டில் அந்த அணியின் இடம் கைமாறி, சேலம் ஸ்பார்டன்ஸ் ஆகிவிட்டது. காரைக்குடி காளை திருப்பூருக்குப் போனது. காஞ்சி வீரன்ஸ் இருந்த இடத்தில் நெல்லை ராயல் கிங்ஸ் வந்தது. தென்மாவட்டத்துக்காரர்கள் 'நம்ம அணி' என்று ஒன்றைச் சொல்லிப் பழகுவதற்குள் அது இன்னொரு ஊரின் அணியாகிவிடுகிறது.

இது நம் ஊர் நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கூரைக்குக் கீழே ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் வரலாறு முழுக்க இப்படிப்பட்ட கல்லறைகள்தான். 1981இல் ஜிம் ஃபாஸ்டர் என்பவர் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்கச் சாக்கர் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓர் உறையின் மேல் கோடு போட்டு உருவாக்கிய ஆட்டம் அரீனா ஃபுட்பால். நூறு கெஜ மைதானத்தை ஐம்பதாக்கி, பதினோரு பேரை எட்டாக்கி, ஓரத்தில் மெத்தை வைத்த சுவர் கட்டி, பின்னால் வலை தொங்கவிட்டு, வலையில் பட்டுத் திரும்பும் பந்தையும் ஆட்டத்தில் சேர்த்தார். 1987இல் நான்கு அணிகளோடு லீக் தொடங்கியது. முதல் கோப்பையை வென்றது டென்வர் டைனமைட். அடுத்த ஆண்டு அந்த அணி களத்திலேயே இல்லை! 1989இல் திரும்பி வந்து, 1991க்குப் பிறகு ஒரேயடியாகப் போய்விட்டது. லீக்கே 2009இல் திவாலாகி, 2010இல் எழுந்து, 2019இல் மறுபடி திவாலானது. அதே பெயரை 2024இல் 16 அணிகளோடு உயிர்ப்பித்தார்கள். பருவம் தொடங்கிய சில வாரத்துக்குள் ஏறக்குறைய பாதி அணிகள் காணாமல் போயின. இந்த ஆட்டத்தின் திறந்தவெளி வடிவத்தை நம் பக்கத்துக்குக் கொண்டுவரவும் ஒரு முயற்சி நடந்தது. 2012இல் ஆடிய எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியாவில் இலங்கையின் கொழும்பு லயன்ஸும் ஓர் அணி. முதல் பருவத்தை வென்றது புனே மராத்தாஸ். இன்று அந்த அணிகளின் பெயரை நினைவு வைத்திருப்பவர்கள் அரிது.

டென்வருக்கும் சென்னைக்கும் பொதுவானது என்ன? இரண்டு இடத்திலும் அணி என்பது ஓர் உரிமம். லீக்கை நடத்தும் நிறுவனத்திடம் முதலாளி ஒருவர் பணம் கட்டி ஊர்ப் பெயரை வாங்குகிறார். ஆட்டக்காரர்கள் ஏலத்தில் சில வாரங்களுக்கு வருகிறார்கள். அரங்கம் வாடகைக்கு. அந்த ஊரில் அணிக்கென்று ஒரு சதுர அடி தரைகூடக் கிடையாது. மேலே இருப்பவர்கள் இருவர் சண்டை போட்டுக்கொண்டால் கீழே இருக்கும் அணி, அது சாம்பியனாக இருந்தாலும், மறுநாள் வெறும் காகிதம். வெற்றி ஒரு பாதுகாப்பும் தராது. ஏனென்றால் அணி எங்கே நிற்கிறதோ அந்த இடத்தை ஆட்டக்காரர்களோ ரசிகர்களோ பிடித்துவைத்திருக்கவில்லை. பிரைம் லீக் இதுவரை நீடித்திருப்பதற்கு ஒரு காரணம், அணி முதலாளிகளுக்கே லீக்கில் பங்கு கொடுத்தது. அது ஒரு நல்ல பாடம். ஆனாலும் பங்கு முதலாளிக்குத்தான், ஊருக்கு இல்லை.

தமிழ்நாட்டில் வாலிபால் வேர்விட்ட விதம் முற்றிலும் வேறு. 1895இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், ஹோலியோக் ஊரின் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கூடத்துக்குள் வில்லியம் மார்கன் உருவாக்கிய ஆட்டம் இது. கூடைப்பந்தின் முரட்டுத்தனம் ஒத்துவராத நடுத்தர வயதுக்காரர்களுக்காகக் கூரைக்கு அடியில் பிறந்த ஆட்டம். அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் இந்தியாவுக்கு வந்தது. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆண்டுதோறும் உடற்கல்வி ஆசிரியர்களை மாவட்டங்களுக்கு அனுப்பியது. அவர்கள் போன பள்ளிகளில் இரண்டு கம்பம் நடப்பட்டது. கிரிக்கெட்டுக்குத் தேவையான இடமோ ஹாக்கிக்குத் தேவையான செலவோ இதற்கு வேண்டாம். 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், ஒரு வலை, ஒரு பந்து. கூரைக்குள் பிறந்த ஆட்டம் தமிழ்நாட்டில் வெட்டவெளி ஆட்டமாக வளர்ந்தது இப்படித்தான்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா வாலிபாலில் வெள்ளி வென்றது. அதற்கு முந்தைய ஆண்டு, அர்ஜுனா விருது தொடங்கப்பட்ட 1961இல், வாலிபாலுக்கான முதல் விருதைப் பெற்றவர் தமிழ்நாட்டின் ஏ. பழனிசாமி. பின்னால் ஜி.இ. ஸ்ரீதரன் வந்தார்; ஆட்டக்காரராக அர்ஜுனா, பயிற்சியாளராகத் துரோணாச்சாரியா. இந்தத் தலைமுறைகளைத் தாங்கியது எந்த லீக்கும் அல்ல. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., சுங்கத் துறை, வருமான வரித் துறை, காவல்துறை ஆகியவற்றின் அணிகள்தான் தாங்கின. நன்றாக அடிக்கும் பையனுக்கு இருபது வயதில் வேலை கிடைக்கும். ஓய்வுபெறும் வரை சம்பளம் வரும். ஆடும் வயதுவரை ஆடலாம். அந்த அணி ஒரு பருவத்தில் எல்லா ஆட்டத்தையும் தோற்றாலும் அடுத்த ஆண்டும் இருக்கும். ரசிகர்களின் கவர்ச்சி இந்த அணிகளுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஓர் ஆட்டக்காரனின் வாழ்க்கையைக் கட்டிக்கொடுத்தவை இவைதான். அந்த வேலைகள் சுருங்கச் சுருங்க, மூன்று வார லீக் அந்த இடத்தை நிரப்பும் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் இந்த வேரை நேரில் பார்க்கலாம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்து ஊர்களில் மாலையானால் வாலிபால்தான். கரிசல் மண் மழைக்கு ஒட்டும், வெயிலுக்கு வெடிக்கும். அதனால் சரளையோ செம்மண்ணோ கொட்டி, தண்ணீர் தெளித்து, மிதித்து இறுக்கித் தரையைத் தயார் செய்கிறார்கள். சுண்ணாம்பில் கோடு. கோயில் பொங்கலுக்கும் தைப் பொங்கலுக்கும் மின்னொளிப் போட்டி; முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை. சுவரொட்டி அச்சடிப்பதற்கு வெளியூர் போகவேண்டியதே இல்லை. நாட்டின் காலண்டர்களை அச்சடிக்கும் சிவகாசி பக்கத்தில் இருக்கிறது. அந்தச் சுவரொட்டியின் அடியில் பரிசு கொடுப்பவர்களின் பெயர் வரிசையாக இருக்கும். பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை, அச்சகம், பெட்டிக்கடை, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர். முதல் பரிசுத் தொகையைத் தருபவரின் பெயர் பெரிய எழுத்தில்.

இந்த ஆட்டத்துக்கும் அரங்கத்துக்குள் நடக்கும் ஆட்டத்துக்கும் வித்தியாசம் பெரிது. வெட்டவெளியில் காற்று பந்தை இழுக்கும். உயரத் தூக்கிக் கொடுக்கும் பந்து எங்கே இறங்கும் என்பதைக் காற்றைப் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். கிராமத்துச் செட்டர்களின் கை அதற்குப் பழகியது. அரங்கத்தில் காற்றில்லை, பந்து வேகமாக, தாழ்வாக, நேர்கோட்டில் போகலாம். மெத்தென்ற விரிப்பு இருப்பதால் விழுந்து எடுக்கலாம். சரளைத் தரையில் விழுந்தால் முழங்கை போய்விடும். இதனால்தான் நம் ஊர்ப் பையன்கள் அடிப்பதில் பலசாலிகளாகவும், தரையோடு வரும் பந்தை எடுப்பதில் பின்தங்கியவர்களாகவும் வளர்கிறார்கள். 2.43 மீட்டர் வலைக்கு மேலே கை நிற்கும் ஒருவன் பதினாறு வயதில் கூரைக்குக் கீழே ஆடக் கற்றால்தான் இந்த இடைவெளி அடைபடும். இருபத்திரண்டு வயதில் ஏலத்தில் எடுத்து அரங்கத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினால் அடைபடாது.

சென்னை ஸ்பார்டன்ஸ் கோப்பை வென்ற அந்த பிப்ரவரியில் சிவகாசி எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பு சேர்த்த பட்டாசையும் சரவெடியையும் தடை செய்து, பசுமைப் பட்டாசு மட்டுமே தயாரிக்கலாம் என்றது. தீபாவளி முடிந்ததும், நவம்பர் நடுவில், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள் கதவை மூடின. மார்ச்சில்தான் மறுபடி திறந்தன. நேரடியாகவும் மறைமுகமாகவும் எட்டு லட்சம் பேர் நம்பியிருப்பதாகத் தொழில் துறையினர் சொல்லும் தொழில் நான்கு மாதம் நின்றது. வாரக்கூலி இல்லை. அப்படிப்பட்ட ஆண்டில் கிராமத்துப் போட்டியின் நன்கொடை நோட்டு மெலியும்; பரிசுத் தொகை பாதியாகும். ஆனால் மாலையில் வலை கட்டுவது நிற்பதில்லை. பணம் குறைந்தால் போட்டி சிறியதாகும், ஆட்டம் அப்படியே இருக்கும். சென்னையில் பணம் தகராறில் சிக்கியதும் சாம்பியன் அணியே இல்லாமல் போனது. ஒன்று ஆல், இன்னொன்று பூச்சாடி.

ஆனால் கிராமத்து ஏற்பாட்டைப் புகழ்ந்து நிறுத்திவிட்டால் அது பொய்யான ஆறுதல். இங்கே நிலைத்திருப்பது விருப்பம் மட்டும். ஏணி இல்லை. ஆண்டுக்கு நான்கைந்து கோயில் போட்டி ஆடுகிறவனுக்கு அடுத்த படி எது? முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் மாவட்டத்திலிருந்து மாநிலம் வரை கொண்டுபோகின்றன. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. இரண்டும் நல்லவை. ஆனால் முதலாவது சில நாளில் முடிந்துவிடும் நாக்-அவுட். தோற்றவன் அன்றே வீட்டுக்கு. இரண்டாவதை எட்ட மாநில, தேசிய அளவில் சான்றிதழ் வேண்டும்; அந்தச் சான்றிதழுக்கு முதலில் தொடர்ந்து ஆட ஓர் இடம் வேண்டும். பெண் பிள்ளைகளின் நிலை இதைவிட மோசம். கோயில் போட்டிச் சுவரொட்டியில் மகளிர் பிரிவு இருப்பது அபூர்வம். பட்டாசு ஆலைகளில் வேலை பார்ப்பவர்களில் பெண்கள் பெரும்பகுதி; அவர்களுடைய மகள்கள் பள்ளியில் பந்தைத் தொடுவதோடு சரி.

அந்த ஏணிக்கு என் யோசனை இது. விருதுநகர் மாவட்டத்தில் 11 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. ஒன்றியத்துக்கு ஓர் ஆண்கள் அணி, ஒரு பெண்கள் அணி. தீபாவளி முடிந்து ஆலைகள் மெதுவாக வேலை தொடங்கும் மாதங்களில், ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் சொந்த ஊரில் ஒருமுறை, எதிரணியின் ஊரில் ஒருமுறை ஆடும் லீக். கோப்பை வாங்கியவன் மட்டுமல்ல, கடைசியில் வந்தவனும் இருபது ஆட்டம் ஆடியிருப்பான். இதற்கு ஏலம் வேண்டாம், வெளிநாட்டுக்காரர் வேண்டாம். கூரையுள்ள ஆடுகளம் இரண்டு மூன்று, முழுநேரப் பயிற்சியாளர்கள், ஆட்டக்காரர்களுக்குப் போக்குவரத்துச் செலவு, அணியின் பெயரை விற்கக்கூடாது என்ற ஒரு விதி. அது போதும். இப்போது கோயில் போட்டிகளுக்குப் பிரிந்து பிரிந்து போகும் பணத்தின் ஒரு பகுதி ஒன்றாகச் சேர்ந்தாலே தொடங்கிவிடலாம்.

1920களில் சிவகாசியிலிருந்து இரண்டு பேர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து அந்த வறண்ட ஊரை மாற்றினார்கள். ராஜபாளையத்தில் 1930களில் எழுந்த ஒரு நூற்பாலை பெரிய தொழில் குழுமமாக வளர்ந்தது. ஏதாவது ஒன்றைத் தொடங்கி நூறு ஆண்டு நடத்துவது இந்த மாவட்டத்துக்குத் தெரிந்த வேலை. பட்டாசு ஆலை அதிபர்களும் அச்சக உரிமையாளர்களும் மில் நிர்வாகங்களும் மாவட்ட விளையாட்டு அலுவலகமும் ஒரு மேசையில் உட்கார வேண்டும். அடுத்த தீபாவளி முடிந்தவுடன் முதல் சர்வீஸ் போடப்பட வேண்டும். பெண்களுக்கான லீக்கும் அதே நாளில் தொடங்க வேண்டும்.